மேடையில் ஆள் நிற்கக் கூடாது

திண்டிவனத்துக்கு வெளியே, விழுப்புரம் போகிற சாலையில் ஒரு லாரி எடை மேடை இருக்கிறது. அதன் கண்ணாடி அறைக்குள் பதினோரு வருஷமாக உட்கார்ந்து எடை போடுகிறவள் பிரபாவதி. சாமி, கட்சி, சினிமா எதிலும் அவளுக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. ஒன்றே ஒன்றில்தான் பிடிவாதம். எடை போடும்போது மேடையில் ஆள் நிற்கக் கூடாது. டிரைவர் இறங்க வேண்டும், கூட வந்தவர் இறங்க வேண்டும், மந்திரியே வந்திருந்தாலும் இறங்கத்தான் வேண்டும்.

நெல் லோடு ஏற்றி வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? கூட வந்த ஆளைப் பின் டயர் ஓரமாகக் குந்த வைத்துவிட்டு, பால்குடி மறக்காத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவார்கள். அறுபது எழுபது கிலோ கூடுமே. பிரபாவதி மைக்கை எடுத்து, "டயராண்ட குந்திக்கினு இருக்கிற அண்ணே, பீடிய அணைச்சிட்டு எறங்குங்க" என்பாள். புகையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். அண்ணன் இறங்கி ஓரமாகப் போவார். அப்புறம்தான் சீட்டு அடிக்கும். அவள் கையெழுத்துப் போட்ட சீட்டைத் திருச்சியில்கூட மறு எடை போடாமல் வாங்கிக்கொள்வார்கள் என்று டிரைவர்கள் மத்தியில் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு எடை பிடிபடாமல் போயிற்று. மகள் அஸ்வினிக்குப் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. போன வருஷம் ஆடி மாசம் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கணுக்கால் பிசகியது. மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தார்கள். வலியைப் பிரிக்க முடியவில்லை. எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல், கடன் வாங்கி எடுத்த ஸ்கேனும் நார்மல். ஒவ்வொரு டாக்டரும் அந்த வார்த்தையை நல்ல சேதி மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பிரபாவதிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரியும். நார்மலான காலோடு பிள்ளை ஏன் ராத்திரியெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிறது?

கணவன் புகழேந்தி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பிள்ளையின் காலைத் தடவிக் கொடுத்துவிட்டு, மந்திரிக்கலாமா என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை கிளம்பிவிடுவான். மீதி ஆறு நாளும் பிரபாவதிதான்.

அவள் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். "பத்துக்கு எவ்ளோ வலி?" என்று மணிக்கு ஒரு தடவை கேட்டாள். சொன்ன எண்ணை நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதினாள். காலை ஆறு மணி, வலி ஏழு. காலை ஏழு மணி, வலி ஏழு. வேலைக்கு வந்த பிறகு, லாரிக்கும் லாரிக்கும் நடுவே போன் போட்டுக் கேட்டாள். நோட்டு பாதி நிறைந்தது. எல்லாம் ஏழு. எந்த லாரி ஏறினாலும் ஒரே எடை காட்டினால் அந்த நிமிஷமே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவள், இந்த நோட்டைப் பார்த்து ஒன்றும் நினைக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் ஒரு கடிதம் அனுப்பியது. வருகை ஐம்பது சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, மாசக் கடைசிக்குள் மருத்துவ ஆதாரம் தரவும், இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளவும். கீழே தலைமையாசிரியை மேடத்தின் கையெழுத்து, நல்ல அழகான கையெழுத்து. அஸ்வினி அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாமலும் இருக்க முடியவில்லை.

விழுப்புரத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், நாள்பட்ட வலி உள்ள குழந்தைகளுக்கென்றே புதன்கிழமை தனிப் பிரிவு நடக்கிறது என்று ஒரு மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மாவும் மகளும் முதல் புதனே பஸ் ஏறினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது பிரபாவதி, "இப்ப எவ்ளோ?" என்றாள். "ஏழு" என்றாள் அஸ்வினி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. முண்டியம்பாக்கம் தாண்டும்போதும் அதே கேள்வி, அதே ஏழு.

அங்கே ஒரு டாக்டர் இல்லை, மூன்று பேர். குழந்தைகள் டாக்டர் சித்தார்த்தன் காலைத் தொட்டுப் பார்த்து, முதலிலிருந்து கதை கேட்டார். பிசியோதெரபிஸ்ட் வல்லரசு நடக்கச் சொல்லிப் பார்த்து, முதலிலிருந்து கதை கேட்டார். மனநல ஆலோசகர் கலைப்பிரியா உட்கார வைத்து, முதலிலிருந்து கதை கேட்டாள். மூன்றாவது தடவை சொல்லும்போது பிரபாவதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர்கள் மூன்று பேரும் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப் பார்க்கிறார்கள், எங்கேயாவது மாற்றிச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அதனால் மூன்று தடவையும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒரே மாதிரி சொன்னாள்.

பிறகு மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அவர்களைக் கூப்பிட்டார்கள்.

"பைக்ல அலாரம் இருக்குதில்லீங்களா?" என்றார் சித்தார்த்தன். "திருடன் கைய வெச்சான், அலாரம் அடிச்சுது. திருடன் போய் ஒரு வருஷம் ஆயிடுச்சு. அலாரம் நிக்கல. கால்ல அடி ஆறிடுச்சு, நரம்பு இன்னும் சத்தம் போட்டுக்கினு இருக்குது."

"அப்ப வலி இல்லன்றீங்களா சார்?"

"சத்தம் நெசம்தானேம்மா. வலி நெசம். ஸ்கேன்ல தெரியாது, அவ்ளோதான்."

அஸ்வினி முதல் தடவையாக ஒரு டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

வல்லரசு காலைப் பழக்குவார். மணல், துண்டு, படிக்கட்டு என்று ஒவ்வொன்றாக. கலைப்பிரியா பயோஃபீட்பேக் சொல்லிக் கொடுப்பாள். அது என்னவென்று பிரபாவதி கேட்டாள். விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம், உடம்புக்குள் நடப்பது திரையில் எண்ணாகத் தெரியும் என்றாள் கலைப்பிரியா. எண் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பிரபாவதிக்கு மற்றதெல்லாம் கேட்கவில்லை. ஆகா, கடைசியில் ஒரு எடை மேடை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நல்ல வேளையாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"சீட்டு எப்ப தருவீங்க மேடம்? மாசக் கடைசிக்குள்ள ஸ்கூல்ல குடுக்கணும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவாக வேலை பார்ப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று பிரபாவதி நினைத்தாள்.

அடுத்த புதன், கிளிப் மாட்டினார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிவப்புப் பலூன், பக்கத்தில் எண். 27.8.

"வலி இருபத்தேழா?" என்றாள் பிரபாவதி. பத்துக்கு இருபத்தேழு என்றால் பிள்ளை எப்படித் தாங்கியது?

"இது வலி இல்லக்கா. விரலோட சூடு."

"ஜுரமா?"

"இல்லக்கா. மனசு பயந்துக்கினு இருந்தா விரல் சில்லுனு ஆயிடும். உடம்பு தளர்ந்தா சூடு ஏறும், பலூன் மேல போகும். தானே ஏத்தறதுக்குக் கத்துக்கிட்டா, அலாரம் அடிக்கிறப்ப அதைக் கொறைக்கவும் ஒரு வழி கெடைக்கும்."

பிரபாவதிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. விரல் சூட்டைத் தெரிந்துகொள்ள விழுப்புரம் வரை வர வேண்டுமா? கால் வலிக்கு விரலைப் பிடிப்பது எந்த ஊர் வைத்தியம்? ஆனாலும் எதிரே எண் மின்னிக்கொண்டிருந்ததால் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கலைப்பிரியா மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். கைக்கு இதமாக எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அஸ்வினி கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலூன் ஒரு விரற்கடை எழும்பியது.

"இன்னா நெனச்ச?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

"மல்லாக்கொட்டை அவிச்சு எறக்குன குண்டான்ல கைய வெக்கிற மாதிரி."

"அதையே வெச்சுக்க. நானும் கத்துக்கிறேன்" என்றாள் கலைப்பிரியா.

அன்றைக்குக் கிளம்பும்போது மூன்று பேரும் சேர்ந்து பிரபாவதிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பிள்ளையிடம் வலியைப் பற்றிக் கேட்கக் கூடாது. அது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நோட்டை மூடி வைத்துவிட வேண்டும். பிரபாவதி சரியென்று தலையாட்டினாள். இது மாதிரித் தலையாட்டிவிட்டுப் பின் டயரில் ஆளைக் குந்த வைத்தவர்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் வலியைப் பற்றிக் கேட்கவில்லைதான். "எப்பிடி?" என்று கேட்டாள். "பரவால்லியா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் இரண்டு புருவத்தையும் தூக்கினாள். போனில், "சாப்டியா? ம்ம்?" என்று இழுத்தாள். அந்த ம்ம்முக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் போகிற ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அஸ்வினியும் சளைக்காமல் ஏழு என்றாள். நோட்டு மூடித்தான் இருந்தது. பிரபாவதி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள்.

மூன்றாவது புதன் வல்லரசு அஸ்வினியைப் பன்னிரண்டு படி ஏற வைத்தார். பலூன் முப்பத்தொன்று வரை போனது. வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. அம்மா வேலை முடிந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் அஸ்வினி காலை இழுத்து இழுத்து நடந்தாள். பக்கத்து வீட்டு வீரம்மாள் ஒரு நாள் பிரபாவதியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வர்றதுக்கு முன்னால புள்ள நல்லாத்தான் நடந்து போய்க்கினு இருந்துச்சு" என்று போட்டுக் கொடுத்தாள். அந்த இரவு பிரபாவதி மகளுடைய காலைத் தடவிக் கொடுக்கவில்லை.

நான்காவது புதன் வந்தது. மாசம் முடிய இன்னும் மூன்று நாள்தான். கலைப்பிரியா அம்மாவை வராண்டாவில் உட்காரச் சொல்லிவிட்டு அஸ்வினியோடு கதவைச் சாத்திக்கொண்டாள். பிரபாவதி பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கதவைத் திறந்து தலையை நீட்டி, "இப்ப எவ்ளோ?" என்றாள்.

அது எந்த எண்ணைப் பற்றிய கேள்வி என்று அவளுக்கே தெளிவில்லை.

"உள்ள வாங்கக்கா" என்றாள் கலைப்பிரியா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும். "உக்காருங்க. ஒண்ணு காட்டறேன்."

திரையில் ஒரு கோடு. இடது பக்கம் தாழ்வாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 32.6ஐத் தொட்டு நின்றிருந்தது. அங்கிருந்து கோடு கீழே இறங்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 31 ஆயிற்று, 30 ஆயிற்று.

"இந்த எடத்துல இன்னா ஆச்சு? மிஷின் கெட்டுப்போச்சா?" பிரபாவதி திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்கதான்க்கா நீங்க கதவைத் திறந்தீங்க."

எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. 29.7.

"அஸ்வினி" என்றாள் கலைப்பிரியா, "அம்மா எவ்ளோன்னு கேக்கறப்ப நீ இன்னா நெனைப்ப? சொல்லணும்னா சொல்லு. வேணான்னா விட்டுடு."

அஸ்வினி விரலில் மாட்டிய கிளிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அஞ்சுன்னு சொன்னா, அப்ப ஏன் ஸ்கூலுக்குப் போவலன்னு நெனைக்கும். ஒம்போதுன்னா நடிக்கிறன்னு நெனைக்கும். ஏழுன்னா ஒண்ணும் நெனைக்காது."

"நான் எப்ப அப்படி நெனச்சேன்?" என்றாள் பிரபாவதி.

"ஸ்கேன் வந்த மறுநாளு. தண்ணி புடிச்சுக்கினு இருந்த. நடிக்கிறியாடின்னு கேட்ட."

பிரபாவதிக்கு ஞாபகம் வந்தது. தெருக் குழாயில் குடம் நிறைந்துகொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை. மத்தியானத்துக்குள் அவள் மறந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் மணிக்கு மணி கேட்டதெல்லாம் கரிசனம் என்றே நினைத்திருந்தாள். பிள்ளை அதை விசாரணையாகக் கேட்டிருக்கிறது. நிஜத்தைச் சொல்லப்போனால், பாதி விசாரணைதான். அது பிரபாவதிக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு அங்கே உட்கார முடியாதபடி வலித்தது.

"நான் இழுத்து இழுத்து நடக்கலன்னா நீ நம்பமாட்ட" என்றாள் அஸ்வினி. "இழுத்து நடந்தா நெசமாவே ஜாஸ்தியா வலிக்குது."

பிரபாவதி மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவளுக்குப் பழக்கமானது ஒன்றுதான். எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"மேடம், மறுபடியும் போடுங்க" என்றாள். "மேடையில ஆள் நின்னுக்கினு இருந்துச்சு. நான் எறங்கிக்கிறேன்."

கலைப்பிரியாவுக்கு அது விளங்கவில்லை. அஸ்வினிக்கு விளங்கியது. விவரம் தெரிந்த நாளிலிருந்து லீவு நாளெல்லாம் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக் சத்தம் கேட்டு வளர்ந்தவள் அவள்.

பிரபாவதி கதவைச் சாத்தி, வராண்டாவின் கடைசி வரை நடந்து, அங்கிருந்தும் வெளியேறி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் போய் நின்றாள். ஒரு டீ குடித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டீக்கடைக்காரர் இஞ்சி காரமா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். முக்கால் மணி கழித்து அஸ்வினி வெளியே வந்தபோது, பலூன் எவ்வளவு போனது என்று அவள் கேட்கவில்லை. அஸ்வினியும் சொல்லவில்லை. பஸ்ஸில் டோல்கேட் வந்தது. பிரபாவதி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்குப் பாக்கெட் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக் குழு கொடுத்த கடிதம் கையில் இருந்தது. வலி உண்மையானது, முதல் மாதம் அரை நாள் வகுப்பு, தேவைப்பட்டால் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார அனுமதிக்கவும். கீழே மூன்று கையெழுத்து. மேடம் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார்.

"இதுல ரிப்போர்ட் எதுவும் இல்லையேம்மா. ஸ்கேன், எக்ஸ்ரே எதாவது?"

"எல்லாம் நார்மல் மேடம்."

"நார்மல்னா எப்படிம்மா நாங்க ஒத்துக்கிறது? ப்ரூஃப் வேணுமில்ல?"

பிரபாவதிக்குக் கோபம் வந்தது. ஆனால் இதே கேள்வியை ஒரு வருஷம் நோட்டுப் போட்டுக் கேட்டவள் தானே என்ற நினைப்பும் கூடவே வந்ததால் குரல் உயரவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்தாள். கடிதத்தில், மூன்று கையெழுத்துக்கும் கீழே, எடைச் சீட்டில் போடுகிற மாதிரியே தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினாள்.

"மேடம், நான் எடை மேடையில வேலை பாக்கறேன். முப்பது டன்னுக்கு நான் கையெழுத்துப் போட்டா திருச்சி வரைக்கும் ஒத்துக்கிறாங்க. இவ வெறும் நாப்பது கிலோ. எம் பொண்ணுக்கு வலிக்குது. நான் சொல்றேன்."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். அஸ்வினி தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். "ஒரு மாசம் பாக்கலாம்" என்றார் மேடம், கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை முதல் அரை நாள். பன்னிரண்டரைக்குப் பிரபாவதி பள்ளிக்கூட வாசலில் நின்றாள். எடை மேடையில் ஒரு மணிநேரம் முதலாளியின் மச்சானை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். அதற்குள் எத்தனை பேர் பின் டயரில் குந்தியிருப்பார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அஸ்வினி வெளியே வந்தாள். காலை இழுக்கவில்லை. மெதுவாக, அளந்து அளந்து வைத்தாள், முகம் வெளுத்திருந்தது. பிரபாவதி பையை வாங்கிக்கொண்டாள். புருவத்தைத் தூக்கவில்லை. அது எவ்வளவு சிரமம் என்று அவளுக்குத்தான் தெரியும். "மத்தியானத்துக்குக் கேப்பைக் களி, கருவாட்டுக் கொழம்பு" என்றாள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே எதையாவது பேசிக்கொண்டே வந்தாள்.

நிழற்குடை ஓரத்தில் அஸ்வினி நின்றாள்.

"ம்மா. ஒம்போது."

பிரபாவதியின் கை பழக்கத்தில் பைக்குள் பேனாவைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. ஒரு வருஷத்தில் ஏழு அல்லாத முதல் எண் அது. அவள் கேட்காமலே பிள்ளை கொடுத்திருக்கிறது.

"சரி" என்றாள். "உக்காரலாமா?"

"அஞ்சு நிமிஷம்."

இருவரும் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அஸ்வினி கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். எதிரே அவர்களுடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஜல்தி ஏறும்மா, எடுக்கப் போறேன்" என்றார்.

"நீங்க போங்க அண்ணே" என்றாள் பிரபாவதி. அப்புறம் சத்தமில்லாமல் எழுந்து, நான்கடி தள்ளிப் போய், மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்தபடி நின்றாள்.